வீட்டு இணைப்புக்கு ஸ்டேட்டிக் ஐபி வாங்க வேண்டுமா?

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்த வரையில் இதுதான். வீட்டில் உள்ளூர் கேபிள் நிறுவனத்தின் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. நாலு கேமராவோடு, அவற்றின் படத்தைப் பதியும் ஒரு டிவிஆர், போட்டோவும் கோப்புகளும் வைக்க ஒரு நாஸ் பெட்டி. வெளியூரில் இருக்கும்போது இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும். கேமரா மாட்டியவர் ‘ஸ்டேட்டிக் ஐபி வாங்கினாத்தான் சார் வரும்’ என்கிறார். ஸ்டேட்டிக் ஐபி என்றால் மாறாத இணைய முகவரி எண், டைனமிக் என்றால் மாறக்கூடியது. நிறுவனம் அதற்குத் தனியாக ஆண்டுக் கட்டணம் கேட்கிறது. வாங்குவதா, இருக்கிற டைனமிக்கையே வைத்துக்கொள்வதா, வாங்கினால் வேகமும் கூடுமா?

வேகத்தை முதலில் முடித்துவிடலாம்: ஒரு துளிகூட ஏறாது. வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் பிளான். முகவரி மாறுமா மாறாதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேமரா மாட்டியவர் சொன்னது பாதி சரி. எந்தப் பாதி என்று சொல்ல ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டேட்டிக்கா டைனமிக்கா என்று நாம் இரண்டாகப் பேசினாலும், இங்கே வீடுகளில் வழங்கப்படுவது மூன்று வகை. ஒன்று, உங்களுக்கென்றே ஒதுக்கி, மாறாமல் இருக்கும் பொது முகவரி, அதாவது இணையத்தில் எங்கிருந்தும் எட்டக்கூடிய எண். இரண்டாவது, இப்போதைக்கு உங்களுக்கு மட்டும் கொடுத்து, பிறகு மாற்றக்கூடிய பொது முகவரி. மூன்றாவது, உங்களுக்கென்று பொது முகவரியே கொடுக்காமல் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துவது. இந்த மூன்றாவதைச் சிஜி-நாட் என்பார்கள். முகவரி மாறுகிறதா என்பதைவிட, முகவரி உங்களுடையதா என்பதே உங்கள் பிரச்சினைக்கு முக்கியம். மாறுகிற முகவரியைத் துரத்திப் பிடிக்க இலவச வழி உண்டு. இல்லாத முகவரியை எதைக் கொண்டும் துரத்த முடியாது.

ஏன் இப்படிப் பகிர்ந்து கொடுக்கிறார்கள்? ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் முகவரிகளைப் பங்கிடும் ஆசிய–பசிபிக் பதிவகமான ஏப்நிக் தன் கடைசிப் பெருந்தொகுப்பைத் தொட்டுவிட்டது. 103-ல் தொடங்கும் முகவரிகள்தான் அந்தத் தொகுப்பு. அதிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1024 முகவரி என்று வரம்பு வைத்தார்கள். 2019-ல் அதையும் 512 ஆகக் குறைத்தார்கள். 2011-க்குப் பிறகு தொழிலுக்கு வந்த ஒரு மாவட்ட கேபிள் நிறுவனம் ஐந்நூறோ ஆயிரமோ முகவரியை வைத்துக்கொண்டு பல ஆயிரம் வீடுகளுக்கு இணைப்பு கொடுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் வெளி முகவரி 103 என்று தொடங்கினால் இந்தக் கதை பெரும்பாலும் உங்களுடையதுதான். ஸ்டேட்டிக்குக் காசு கேட்பதைப் பேராசை என்று மட்டும் சொல்ல முடியாது, அவர்களிடமும் சரக்கு குறைவு.

ஆகவே பணம் கட்டும் முன், நீங்கள் எந்த வகையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. வீட்டு வைஃபையில் இருந்தபடி ரௌட்டரின் பக்கத்தைத் திறங்கள், பெரும்பாலும் 192.168.1.1. உள்ளே ஸ்டேட்டஸ் பகுதியில் வேன் (WAN, வெளி இணைப்பு) என்ற தலைப்பின் கீழ் ஒரு ஐபி இருக்கும். ஃபைபர் பெட்டிகளில் இங்கே இரண்டு மூன்று வரிகள் இருக்கலாம், ஒன்று தொலைபேசிக்கு, ஒன்று நிறுவனம் தூரத்திலிருந்து பெட்டியை நிர்வகிக்க. இன்டர்நெட் என்று குறித்த வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில், போனில் விபிஎன் (இணைப்பைப் பூட்டிய தனிப்பாதையில் அனுப்பும் முறை) எதுவும் ஓடாமல், ‘வாட் இஸ் மை ஐபி’ என்று தேடி வரும் தளத்தில் தெரியும் முகவரியோடு ஒப்பிடுங்கள். தளம் நீளமான, ஐபிவி6 என்ற புதிய வகை எண்ணைக் காட்டினால் அதை விட்டுவிட்டு ஐபிவி4 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது. ரௌட்டரில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது தெரிந்தால் அது சிஜி-நாட். 2012-ல் இதற்கென்றே ஒதுக்கிய வரிசை அது. 10-ல் தொடங்கினாலோ, 172.16 முதல் 172.31 வரைக்குள் இருந்தாலோ அதே கதைதான். 192.168 என்று வந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஃபைபர் பெட்டியே ஒரு ரௌட்டராக ஓடி, அதன் பின்னால் நீங்கள் வாங்கிய ரௌட்டர் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஃபைபர் பெட்டியின் பக்கத்தில் போய்ப் பாருங்கள், உண்மை அங்கேதான் இருக்கும்.

பொது முகவரிதான், ஆனால் மாறுகிறது என்று தெரிந்தால் ஸ்டேட்டிக் தேவையே இல்லை. டைனமிக் என்றால் தினமும் மாறும் என்று அர்த்தமில்லை. முகவரியைத் தானாகக் குத்தகைக்குத் தரும் டிஎச்சிபி முறையில் ரௌட்டர் அந்தக் குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததுமே புதுப்பித்துக்கொள்ளும். பெட்டி அணையாமல் இருந்தால் மாதக்கணக்கில் அதே எண் ஓடும். யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டு இணையும் பிபிபிஓஇ முறையில், கரண்ட் போய் வந்தாலே புது எண் விழ வாய்ப்பு அதிகம். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் மாறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு டிடிஎன்எஸ் போதும், அதாவது மாறும் எண்ணைப் பின்தொடரும் ஒரு நிலையான பெயர். டக்டிஎன்எஸ் மாதிரி ஒரு சேவையில் இலவசமாக ஒரு பெயர் எடுத்து, ரௌட்டரிலோ நாஸிலோ அதன் விவரத்தைப் போட்டுவிட்டால், முகவரி மாறிய சில நிமிடங்களில் பெயர் புது எண்ணைக் காட்டும். நோ-ஐபியின் இலவசக் கணக்கில் 30 நாளுக்கு ஒருமுறை மின்னஞ்சலில் வரும் உறுதிப்படுத்தும் இணைப்பை அழுத்த வேண்டும். மறந்தால் பெயர் போய்விடும்.

இங்கே நின்று ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும், ஏனென்றால் ‘ஸ்டேட்டிக் போட்டும் வரலை’ என்ற புகார்களில் கணிசமானவை இதில்தான் சிக்கியிருக்கும். ஸ்டேட்டிக் ஐபி என்று கேமரா மாட்டுபவர்கள் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்வார்கள். நிறுவனம் விற்பது வெளியே தெரியும் முகவரி. டிவிஆருக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு எண் உண்டு, உதாரணமாக 192.168.1.5. இதை நிலையாக வைக்க யாருக்கும் காசு தர வேண்டாம், ஆனால் கட்டாயம் வைக்க வேண்டும். வைக்காமல் விட்டால் நடப்பதைப் பாருங்கள். ரௌட்டரில் 37777 என்ற போர்ட்டுக்கு (சேவையின் வாசல் எண்) வருவதை 192.168.1.5-க்கு அனுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், இதுதான் போர்ட் ஃபார்வர்டிங். கரண்ட் போகிறது, வருகிறது. ரௌட்டர் எழுந்ததும் முதலில் முகவரி கேட்பது ஹாலில் இருக்கும் டிவி. அதற்கு 5 போய்விடுகிறது. டிவிஆர் மெதுவாக எழுந்து வந்து 7-ஐ வாங்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து கேமராவைத் தேடுபவரை ரௌட்டர் டிவியிடம் அனுப்பிவைக்கிறது. வெளி முகவரிக்கு எவ்வளவு கொட்டிக் கொடுத்திருந்தாலும் இது சரியாகாது. ரௌட்டரின் டிஎச்சிபி பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்று இருக்கும் இடத்தில் டிவிஆரின் மேக் முகவரியை (கருவியிலேயே பதிந்த அடையாள எண்) கொடுத்து அந்த எண்ணைக் கட்டிப்போடுங்கள். நாஸுக்கும் அப்படியே.

சோதிக்கும்போது இன்னொரு பொறி. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே உங்கள் வெளி முகவரியைத் தட்டினால் பல ரௌட்டர்கள் திருப்பி உள்ளே விடாது. எல்லாம் சரியாக இருந்தும் ‘வரவில்லை’ என்று நினைத்து அமைப்புகளைக் கலைத்துவிடுவீர்கள். வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

இனி சிஜி-நாட் என்று தெரிந்தால். உள்ளூர் ஃபைபர் என்கிறீர்கள் என்பதால் இதற்கே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன், ஆனால் மேலே சொன்ன சோதனைதான் தீர்ப்பு. இந்த நிலையில் போர்ட் ஃபார்வர்டிங் பயன்படாது, போர்ட்டைத் தானாகத் திறக்கும் யூபிஎன்பியும் பயன்படாது, டிடிஎன்எஸும் பயன்படாது. ரௌட்டர் தனக்குத் தெரிந்த 100.72 என்று ஏதோவொன்றை டிடிஎன்எஸுக்கு அனுப்பும். உங்கள் பெயரும் அழகாக அந்த எண்ணைக் காட்டும். உலகில் எங்கிருந்தும் அங்கே போக முடியாது. கேமரா மாட்டியவர் சொன்னதில் சரியான பாதி இதுதான். ஆனால் ‘வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியாது’ என்பதால் ‘பார்க்கவே முடியாது’ என்றாகிவிடாது. உள்ளிருந்து வெளியே போகும் இணைப்புக்குத் தடை இல்லை. டிவிஆர் நிறுவனங்களின் செயலிகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. டிவிஆரின் பி2பி பகுதியை இயக்கி, திரையில் வரும் க்யூஆர் குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்தால், டிவிஆரும் போனும் நிறுவனத்தின் சர்வரில் சந்தித்துக்கொள்ளும். முடிந்தால் நேரடியாகப் பேசும், முடியாவிட்டால் சர்வர் வழியாகவே படம் வரும். சர்வர் வழி வரும்போது படம் தயங்கித் தயங்கி வரலாம். 1080பி கேமராவின் முழுத் தரப் படமான மெயின் ஸ்ட்ரீம் ஒன்றுக்கே 2 முதல் 4 எம்பிபிஎஸ் அப்லோட் வேண்டும். நாலையும் ஒரே திரையில் பார்க்கும்போது தரம் குறைந்த சப் ஸ்ட்ரீமுக்கு மாற்றினால் தலைக்கு அரை எம்பிபிஎஸ் அளவில் முடிந்துவிடும். கேமராவைப் பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் படம் அந்த நிறுவனத்தின் சர்வரைத் தொட்டுப் போகிறது என்பதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்பது உங்கள் விருப்பம்.

நாஸும் வேண்டும் என்பதால் உங்களுக்கு நான் சொல்வது டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்று. வயர்கார்ட் என்ற விபிஎன் முறையின் மேல் கட்டியது. சிஜி-நாட்டுக்குப் பின்னால் இருந்தும் வேலை செய்யும், தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம். சினாலஜி, கியூநாப் இரண்டு நாஸ்களிலும் இதை நிறுவலாம். நாஸில் போட்டு, போனிலும் போட்டு, இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்தால் நாஸ் தயார். டிவிஆரில் எதையும் நிறுவ முடியாது, அதனால் நாஸையே வாசலாக்க வேண்டும். நாஸில் ‘சப்நெட் ரௌட்டர்’ வசதியில் வீட்டு முகவரி வரிசையை அறிவித்து, டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் அதற்கு ஒப்புதல் கொடுங்கள். பலர் அறிவிப்பதோடு நிறுத்திவிட்டு ஒப்புதலை மறப்பார்கள், டிவிஆர் வராது. அடுத்து, 192.168.1 என்ற வரிசை ஊரில் பாதி வீட்டில் இருக்கிறது. மைத்துனர் வீட்டு வைஃபையும் அதே வரிசையாக இருந்தால் உங்கள் போன் அங்கேயே டிவிஆரைத் தேடிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டு வரிசையை 192.168.57 மாதிரி யாரும் வைக்காத ஒன்றாக மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். மூன்றாவதாக, இயல்புநிலையில் ஒவ்வொரு கருவியின் அனுமதியும் 180 நாளில் காலாவதியாகும். நாஸுக்கு மட்டும் ‘கீ எக்ஸ்பைரி’யை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்கள் வெளியூரில் இருக்கும் நாளாகப் பார்த்து அறுந்துபோகும். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள். டெயில்ஸ்கேல் தரும் எண்ணும் 100-ல் தொடங்கும். அதைப் பார்த்து மறுபடி சிஜி-நாட் என்று குழம்ப வேண்டாம். அதே ஒதுக்கீட்டு வரிசையைத்தான் அவர்களும் பயன்படுத்துகிறார்கள்.

ஸ்டேட்டிக் வாங்கினாலும்கூட டிவிஆரையும் நாஸையும் நேரடியாக வெளியே திறந்துவைக்காதீர்கள் என்பேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 2016-ல் மிராய் என்ற தீநிரல், கம்பெனியில் போட்டு அனுப்பிய அறுபது சொச்சம் யூசர்நேம்–பாஸ்வேர்ட் ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டே, தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் (டிஎன்எஸ்) டைன் நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர் உட்படப் பல தளங்களை மணிக்கணக்கில் முடக்கினார்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் போதுமா என்றால், 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் நிறுவனத்தின் கேமராக் கருவிகளில் வெளியான ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை, போர்ட் எட்டினால் போதும். அதே ஆண்டு ஏப்ரலில் இணையத்தில் திறந்துகிடந்த கியூநாப் நாஸ்களுக்குள் கியூலாக்கர் என்ற தீநிரல் புகுந்து, கோப்புகளைப் பாஸ்வேர்ட் போட்ட 7-ஜிப் பொதிகளாகக் கட்டிவைத்துவிட்டுப் பணம் கேட்டது. ஸ்டேட்டிக்கில் இருந்தால் வயர்கார்டுக்கு மட்டும் ஒரு யூடிபி போர்ட், வழக்கமாக 51820, திறந்துவைத்து மற்றதெல்லாம் அதன் உள்ளே வரட்டும். சரியான சாவி இல்லாதவருக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது என்பதால், துழாவிப் பார்ப்பவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

ஐபிவி6 பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் இதில் உறுதியாகச் சொல்வதற்கு இடம் குறைவு. நிறுவனம் ஐபிவி6 தந்தால் வீட்டின் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைக்கும், சிஜி-நாட் தொல்லையே இல்லை. இந்திய மொபைல் நெட்வொர்க்குகளில் ஐபிவி6 நன்றாகப் பரவியிருப்பதால் போனிலிருந்து நாஸை எட்ட இது நல்ல வழி. தடுக்கிவிடக்கூடியவை நாலு: ஃபைபர் பெட்டியின் ஃபயர்வால் உள்வரும் இணைப்பை அடைத்திருக்கலாம், அதைத் திறக்க உங்களுக்கு அட்மின் அனுமதி இல்லாமலும் இருக்கலாம், நிறுவனம் உங்கள் முகவரியின் முன்பகுதியை மாற்றிக்கொண்டே இருக்கலாம், நீங்கள் போயிருக்கும் அலுவலகத்து வைஃபையில் ஐபிவி6 இல்லாமல் போகலாம். கிடைத்தால் கூடுதல் வசதி, அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அப்படியானால் ஸ்டேட்டிக் யாருக்குத்தான் வேண்டும்? எதிர்முனையில் இருப்பவர் ‘உன் முகவரியைச் சொல், அதிலிருந்து வந்தால் மட்டும் விடுவேன்’ என்று சொல்லும் இடங்களில். அலுவலக ஃபயர்வால் சில இடங்களில் அப்படி. வீட்டிலிருந்து பங்குச் சந்தையில் நிரல் எழுதி ஆர்டர் போடுகிறவர்களுக்கு இது இப்போது விதியாகவே வந்திருக்கிறது: பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2025 பிப்ரவரி 4 சுற்றறிக்கை, தரகரிடம் பதிவு செய்த ஸ்டேட்டிக் ஐபியிலிருந்தே ஏபிஐ (நிரல்வழி) அணுகல் இருக்க வேண்டும் என்கிறது. இதற்கு டிடிஎன்எஸ், டெயில்ஸ்கேல் எதுவும் மாற்றாகாது, ஏனென்றால் இங்கே கேள்வி நீங்கள் எங்கிருந்து வெளியே வருகிறீர்கள் என்பது. நிரலை ஒரு வாடகைச் சர்வரில் ஓட்டினால் அங்கே நிலையான முகவரி சேர்ந்தே வரும். வீட்டு ஸ்டேட்டிக்கோடு விலையை ஒப்பிட்டுப் பார்த்து, தரகர் ஏற்பாரா என்றும் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். இரண்டு கிளைகளுக்கு இடையே நிரந்தர விபிஎன் போடுபவருக்கும் ஸ்டேட்டிக் நியாயமான செலவு. ஆன்லைன் கேமில் ‘நாட் டைப் ஸ்ட்ரிக்ட்’ என்ற இணைப்புத் தடை வந்து தவிப்பவருக்கு வேண்டியது பொது முகவரி, அது மாறினாலும் பரவாயில்லை. வீட்டில் மெயில் சர்வர் வைக்க நினைப்பவர் ஸ்டேட்டிக் வாங்கியும் ஏமாறுவார்: பல நிறுவனங்கள் மெயில் அனுப்பும் போர்ட் 25-ஐ அடைத்திருக்கும், எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் தலைகீழ் டிஎன்எஸ் பதிவும் கிடைக்காது, அனுப்பும் கடிதம் ஸ்பேமுக்குப் போகும்.

எல்லாம் பார்த்தும் வாங்குவதென்று முடிவானால், பணம் கட்டும் முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது சில உண்டு. முதல் கேள்வி: ‘ஸ்டேட்டிக் வேண்டாம், மாறினாலும் சரி, பொது ஐபி தருவீர்களா?’ சிஜி-நாட்டிலிருந்து வெளியே வருவதே உங்கள் நோக்கம் என்பதால் இது கிடைத்தால் டிடிஎன்எஸோடு போதும். சில நிறுவனங்கள் கேட்டாலே மாற்றித் தருவதுண்டு, கஸ்டமர் கேரில் பேசுபவருக்கு இது புரியாவிட்டால் நெட்வொர்க் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். அடுத்து, சொன்ன கட்டணத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா. பிளான் மாற்றினால் அல்லது ரீசார்ஜ் இரண்டு நாள் தாமதமானால் எண் கைவிட்டுப் போகுமா. எந்தெந்த போர்ட்டை அடைத்திருக்கிறார்கள். ஸ்டேட்டிக்குக்கு மாறியதும் ஐபிவி6 தொடருமா. வீடு மாறினாலும் நிறுவனம் மாறினாலும் அந்த எண் உங்களோடு வராது. கையில் தரும் எண் முன்பு யாரோ பயன்படுத்தியதுதான், ஸ்பேம்ஹாஸ் மாதிரியான கறுப்புப் பட்டியல் தளத்தில் போட்டுப் பார்த்து, மாட்டியிருந்தால் வேறு கேளுங்கள்.

அமைக்கும்போது பிபிபிஓஇ இணைப்பென்றால் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. அவர்கள் பக்கத்தில் உங்கள் யூசர்நேமோடு எண்ணைக் கட்டிவிடுவார்கள், ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால் வந்துவிடும். அங்கே ஸ்டேட்டிக் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து எண்ணைக் கையால் அடித்தால் இணைப்பே போய்விடும். நேரடி ஸ்டேட்டிக் என்றால் ஐபி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் என்று நாலையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டால் இணைப்பு பச்சையாகக் காட்டும், ஒரு தளமும் திறக்காது. வந்தவர் கிளம்பும் முன் முன்பு சொன்ன ஒப்பீட்டை அவர் கண் முன்னாலேயே செய்யுங்கள்: ரௌட்டரின் வேன் எண்ணும் தளம் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால், பொது எண்ணை அவர்கள் பக்கத்திலேயே வைத்து உங்களிடம் திருப்பிவிடுகிறார்களா என்று கேட்டு, எல்லாப் போர்ட்டும் வருகிறதா என்று மொபைல் டேட்டாவில் சோதித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

உங்கள் நிலையில் நான் ஸ்டேட்டிக் வாங்க மாட்டேன். நாஸில் டெயில்ஸ்கேலைப் போட்டு, டிவிஆரை அதன் வழியாகப் பார்த்து, ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் ஃபைபர் பெட்டிக்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் வாங்கலாம். வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனி ரௌட்டர் இருந்தால் அதற்கும், நாஸுக்கும் டிவிஆருக்கும் பேக்கப் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று அணைந்தாலும் கேமரா வராது.